ஷிஃப்டுக்கு ஏற்ற நடை

அரியலூர் சிமென்ட் ஆலையில் சி ஷிஃப்ட் எனும் இரவுப் பணி முடித்து, கண் எரிய வீட்டுக்கு வருபவரிடம் போய், 'விடியற்காலையில் எழுந்து நடங்கள், மனசு லேசாகும்' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், இல்லையென்றால் திட்டுவார். பெரம்பலூர்ப் பக்கம் டயர் ஆலைக்கும் எறையூர் காலணித் தொழிற்சாலைக்கும் போகிறவர்களுக்கும் இதே கதைதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நடை நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது நடப்பது, எங்கே நடப்பது என்பதில்தான் சிக்கல்.

2024-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான கட்டுரை 218 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. நடை, மெது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்துக்கொண்டாலும் கணக்கில் சேரும்.

இரவுப் பணி முடிந்து வந்ததும் நடக்க வேண்டாம், முதலில் தூங்குங்கள். காலை வெளிச்சம் பட்டால் உடம்பு 'பகல் வந்துவிட்டது' என்று விழித்துக்கொள்ளும். பிறகு தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பதற்றம் ஏறும். மதியம் எழுந்து, வெயில் தணிந்த பின் ஐந்தரைக்குக் கிளம்புங்கள். மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குக் காலை ஏழு மணிக்குள். சித்திரை வெயிலில் அதற்கு மேல் நடப்பது வீண் வீம்பு.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையில் நடந்தால் புழுதிதான் மிச்சம். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. அங்கே போங்கள். முழுதும் நடக்க வேண்டியதில்லை, முடிந்த தூரம் போய்த் திரும்பினாலே போதும்.

'நாள் பூரா மூட்டை தூக்குறவனுக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்?' நியாயமான கேள்வி. ஆனால் மேஸ்திரி விரட்ட, கடன் துரத்தச் செய்கிற உழைப்பும், நாமாக விரும்பிச் செய்கிற அசைவும் மனசுக்கு ஒன்றல்ல. பிந்தையதில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. உடம்பு ஓய்ந்துபோனவர் வேகநடை போட வேண்டாம். மெல்ல யோகா செய்யட்டும், பிள்ளைகளோடு பந்து விளையாடட்டும்.

அடுத்தது, கவனப் பயிற்சி, அதாவது மனதை இந்தக் கணத்தில் நிறுத்திப் பழகுவது. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியை, பதற்றத்துக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையோடு 2022-இல் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் அது அன்றாடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பழகும் பயிற்சி. செல்போன் செயலியில் ஐந்து நிமிடம் கண்மூடுவது அதற்கு ஈடாகாது.

தொடக்கத்துக்கு நடையே போதும். குதிகால் தரையில் படுவதை, பிறகு விரல்கள் ஊன்றுவதைக் கவனியுங்கள். மனம் மாதத் தவணைக்கு ஓடினால் கோபப்படாமல் காலுக்குத் திரும்புங்கள். கண் மூடினால் படபடப்பு கூடுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் திறந்த கண்ணோடே செய்யலாம். ஓடும் இயந்திரத்தின் அருகில் இதெல்லாம் கூடவே கூடாது, இடைவேளையில் மட்டும். ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்த விதி, இடைவேளையைக் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் வார விடுமுறை கிடைத்தால் கரைவெட்டி ஏரிக்குப் போய் வரித்தலை வாத்துகளைப் பாருங்கள். ஒரே ஒரு வாத்தைப் பத்து நிமிடம் கண்ணால் பின்தொடர்வதும் நல்ல கவனப் பயிற்சிதான், என்னைக் கேட்டால் செயலியைவிட மேல்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நடையை நம்பிக் காத்திருக்காதீர்கள். சாகும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமா? 2017 மனநலச் சட்டப்படி, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியில் சொல்லக்கூடாது. மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், கட்டணமில்லை, இரவு ஷிஃப்ட் நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.