ஃபிளாப்பியில் பார்ட்டிஷன் தேடாதீர்கள்

பழைய எம்பிராய்டரி மிஷின், இசைக் கீபோர்டு, சிஎன்சி லேத் என்று ஃபிளாப்பியை மட்டுமே ஏற்கும் கருவிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஃபிளாப்பி தயார்செய்யும் வேலை லினக்ஸ் கணினிக்கு வரும்போது டாஸ் காலத்துப் பழக்கமும் ஹார்டு டிஸ்க் பழக்கமும் கூடவே வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: எஃப்டிஃபார்மட் ஓடி முடிந்தால் ஃபிளாப்பி தயார்.

பாதிதான் தயார். டாஸில் ஒரே கட்டளை இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்துவந்தது. காந்தப் பரப்பில் டிராக், செக்டார்களை வகுப்பது ஒன்று. அதன்மேல் ஃபைல் சிஸ்டத்தை எழுதுவது இன்னொன்று. லினக்ஸில் எஃப்டிஃபார்மட் முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டு நின்றுவிடும். இரண்டாவதை எம்கேஎஃப்எஸ் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு மவுண்ட் செய்ய முயல்பவர் ஃபிளாப்பி கெட்டுவிட்டது என்று குப்பையில் போடுகிறார்.

எது நடந்தது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும். ஃபிளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி, இரு பக்கமும் சேர்த்து 160 டிராக். எழுத மட்டுமே 32 விநாடி வேண்டும், சரிபார்ப்பு தனி. ஐந்தாறு விநாடியில் முடிந்தது என்றால் நடந்தது ஃபைல் சிஸ்டம் எழுதும் வேலை மட்டுமே. அப்போது பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எஃப்டிஃபார்மட் அப்படியல்ல, எல்லா செக்டாரையும் புதிதாக எழுதிவிடும். அதன்பின் மீட்பு மென்பொருளைத் தேடி அலைவதில் பயனில்லை.

நம்பிக்கை: முதலில் எஃப்டிஸ்க் போட்டுப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டும்.

வேண்டாம். லினக்ஸின் ஃபிளாப்பி டிரைவர் பார்ட்டிஷன் அட்டவணையைப் படிப்பதே இல்லை. ஹார்டு டிஸ்கில் பார்ட்டிஷனைக் குறிக்க உதவும் மைனர் எண், ஃபிளாப்பியில் எந்த டிரைவ், எந்த ஃபார்மட் என்பதைக் குறிக்கிறது. ஃபேட் ஃபைல் சிஸ்டம் உள்ள ஃபிளாப்பியின் அளவு விவரங்கள் முதல் செக்டாரிலேயே இருக்கின்றன. எஃப்டிஸ்க் கைவைப்பதும் அதே செக்டாரில்தான். பிறகு லேத் அந்த ஃபிளாப்பியைப் படிக்க மறுத்தால் லேத்தைத் திட்டாதீர்கள்.

நம்பிக்கை: 2 எம்பி ஃபிளாப்பியில் 1.44 எம்பி போக மீதியை ஃபார்மட் தின்றுவிடுகிறது.

தின்பது உண்மை, வீணடிப்பது என்பது பொய். டிரைவ் விநாடிக்கு 5,00,000 பிட் எழுதுகிறது. 0.2 விநாடிச் சுற்றில் 12,500 பைட். 160 டிராக்கிலும் சேர்த்து 20 லட்சம் பைட். அதுதான் அந்த 2 எம்பி. வழக்கமான ஃபார்மட்டில் ஒரு டிராக்கில் 18 செக்டார், அதாவது 9,216 பைட். மிச்ச இடத்தில் ஒவ்வொரு செக்டாரின் அடையாளமும், பிழை கண்டறியும் எண்ணும், இடைவெளிகளும் இருக்கின்றன. வெவ்வேறு டிரைவ்களின் வேகம் சற்றே மாறுபடும் என்பதால் அந்த இடைவெளி அவசியம்.

இடைவெளியைச் சுருக்கினால் ஒரு டிராக்கில் 21 செக்டார் அடங்கும். பக்கத்துக்கு 80 டிராக்கை 82 ஆக்கினால் 1,722 கேபி கிடைக்கும். டாம்ஸ்ஆர்டிபிடி என்ற ஒற்றை ஃபிளாப்பி லினக்ஸ் இந்த ஃபார்மட்டில்தான் வந்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எம்பிராய்டரி மிஷினுக்குக் கொடுக்கும் ஃபிளாப்பியில் இதை நான் செய்யமாட்டேன். 1.44 எம்பி என்ற கணக்கும் கலப்படம்: மொத்தம் 14,74,560 பைட்; அதை 1,024ஆல் வகுத்து, பிறகு 1,000ஆல் வகுத்து வந்த எண் அது.

நம்பிக்கை: நவீனமான இஎக்ஸ்டி3 போட்டால் பாதுகாப்பு அதிகம்.

1,440 பிளாக் கொண்ட ஃபிளாப்பியில் அந்தப் பாதுகாப்பைத் தரும் ஜர்னலுக்கு இடமே போதாது. பிற கருவிக்குப் போகிறது என்றால் ஃபேட். லினக்ஸ் கணினிகளுக்குள் மட்டும் என்றால் இஎக்ஸ்டி2. அதிலும் ரூட்டுக்கென ஒதுக்கும் 5 சதவீதத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். ஃபைல் சிஸ்டமே இல்லாமலும் முடியும்: டார் கட்டளைக்கு ஃபிளாப்பியின் டிவைஸ் பெயரையே கொடுத்தால் முதல் செக்டாரிலிருந்து வரிசையாக எழுதும், அனுமதிகளும் உரிமையாளரும் அப்படியே இருக்கும். அப்படி எழுதியதை மவுண்ட் செய்ய முடியாது, டாரிலேயே படிக்க வேண்டும்.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எஃப்டிஃபார்மட் அதில் வேலை செய்யாது. லினக்ஸுக்கு அது ஒரு ஸ்கசி டிஸ்க் மாதிரி. யூஎஃப்ஐஃபார்மட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது, அதை நிறுவிக்கொள்ளுங்கள்.