பூனையின் வைரஸ், நாயின் கட்டி

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பூனை சென்ற ஆண்டு சோறு தின்னாமல் மெலிந்துகொண்டே வந்தது. கால்நடை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "லுகேமியா வைரஸ் இருக்கிறது; பின்னால் புற்றுநோயில் கொண்டு விடலாம்" என்றார். வீட்டில் ஒரே கலவரம். நான்கு வயதுக் குழந்தை அந்தப் பூனையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும். "மாமா, குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளுமா? பேசாமல் கூட்ஸ் ஷெட் பக்கம் விட்டுவிடலாமா?" என்று என்னிடம் கேட்டாள் குழந்தையின் தாய்.

நான் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன்; டிப்ளமா எஞ்சினீயர். மருத்துவம் படித்தவனல்ல. ஆனாலும் கேள்வி மனதை விட்டு அகலவில்லை. படித்தும், அந்த மருத்துவரைத் தொந்தரவு செய்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் வில்லியம் ஜாரெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பல பூனைகள் சேர்ந்து வாழ்ந்த ஒரே வீட்டில் அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. தற்செயலாக இருக்குமா? 1964இல் அவரும் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டார்கள். ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே கிண்ணத்தில் தின்பதாலும், எச்சில் வழியே பரவுகிறது. குட்டிகளை எளிதில் பிடிக்கும். பூனையின் செல்லுக்குள் புகுந்து, தன் மரபுச் செய்தியைச் செல்லின் மரபணுத் தொகுப்பிலேயே செருகிவிடுகிறது. செருகிய இடம் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவுக்கு அருகில் என்றால், செல் நிற்காமல் பெருகத் தொடங்கலாம். சிக்னல் கம்பி பச்சையிலேயே மாட்டிக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் புகுந்த எல்லாப் பூனைக்கும் புற்றுநோய் வருவதில்லை. சில பூனைகள் அதை அடக்கிவிடும். பலவற்றை ரத்தசோகையும் எதிர்ப்புச் சக்திக் குறைவுமே முந்திக்கொண்டு வீழ்த்துகின்றன. 1985இல் அமெரிக்காவில் இதற்குத் தடுப்பூசியும் வந்தது.

இதைப் படித்ததும், எல்லாக் கட்டிக்கும் வைரஸே காரணம் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். உடைந்த தண்டவாளத்தின் முறிவில் துரு இருந்தால், துருவால் உடைந்தது என்று ரிப்போர்ட் எழுத மாட்டோம். விரிசல் முன்பே விழுந்து, துரு பிறகு ஏறியிருக்கலாம். 2018இல் ஆஸ்திரேலியாவில் பூனைகளிடம் ஒரு புதிய வைரஸ் கண்டறியப்பட்டது; மனிதரின் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு உறவு. பின்னர் சில பூனைகளின் ஈரல் கட்டியிலும் அது இருந்தது. இருந்தது என்பது வேறு, உண்டாக்கியது என்பது வேறு.

நாய்க் கதை இன்னும் விசித்திரம். நம் தெரு நாய்களிடம் இனச்சேர்க்கையால் பரவும் ஒரு கட்டி உண்டு. முகர்வதால் மூக்கிலும் வரும். நாய்க்கு நாய் தொற்றுகிறதே, வைரஸ்தான் என்று யாரும் சொல்வார்கள். 1876இலேயே ரஷ்யாவில் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் அக்கட்டியின் துண்டை வேறு நாய்க்குள் வைத்து வளரச் செய்தார். 2006இல் மரபணு ஆராய்ச்சி விடையைத் தந்தது: வைரஸ் இல்லை, புற்றுநோய்ச் செல்லே ஒட்டுண்ணிபோல இடம் மாறுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கோ செத்துப்போன ஒரே ஒரு நாயின் செல்கள்! வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் குணமாகிறது. நாய்க்குட்டிகளின் வாயில் வரும் மருக்களோ உண்மையிலேயே வைரஸால் வருபவை. ஆனால் அவை பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டியதற்கு வைரஸ் இல்லை, வைரஸ் இருப்பதற்குப் பயம் தேவையில்லை!

மாடி வீட்டுக்குச் சொன்னது இது. பூனை லுகேமியா வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, நாய்க்கும் வராது. வெளியே விட்டால்தான் ஆபத்து, அங்குள்ள பூனைகளுக்கு. சில வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார் மருத்துவர், ஏனெனில் சில சமயம் வைரஸ் அடங்கிவிடும். இதற்கு அடங்கவில்லை. பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து, தனிக் கிண்ணத்தில் சோறு போடுகிறார்கள். சற்றுத் தேறியிருக்கிறது. குழந்தை பழையபடி அதனருகில்தான் தூங்குகிறது.