புதுத் தெரு பழக 15 குறிப்புகள்

சென்னையில் வாடகை வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் அடுக்குவது பெரிய வேலை இல்லை. இரண்டு நாளில் முடிந்துவிடும். தெரு பழகத்தான் நாளாகும். தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்பது தெரியாதவரை எவ்வளவு நல்ல வீடும் யாரோ வீடு மாதிரியேதான் இருக்கும். அந்த நாட்களைக் குறைக்கச் சில வழிகள் இதோ.

1. வீடு பார்க்கும்போதே வெள்ளம் பற்றி விசாரியுங்கள். புரோக்கரைக் கேட்டால், "இங்க தண்ணியே நிக்காதுங்க" என்பார். தெருமுனை இஸ்திரிக்காரரையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள். "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "2015 டிசம்பர்ல எவ்வளவு வந்தது? 2023 மிக்ஜாம் புயலப்போ?" என்று வருடம் சொல்லிக் கேட்டால், "முட்டி வரைக்கும்", "வாசப்படி தொட்டுச்சு" என்று அளவோடு பதில் வரும். மாடி வீடாக இருந்தாலும் மோட்டார், மீட்டர் பெட்டி, உங்கள் வண்டி மூன்றும் கீழேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

2. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் மெட்ரோ தண்ணீர் ஒரு குழாயிலும் போர் தண்ணீர் இன்னொன்றிலும் வரும். சந்தேகமாக இருந்தால், குழாய்த் தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு வேகவையுங்கள். நெடுநேரம் கொதித்தும் மசியாவிட்டால், தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகமாக இருக்கலாம். சமையலுக்கு வேறு தண்ணீர் பாருங்கள். கேன் வாங்கினால் மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் வாடகைதாரர், உரிமையாளர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது தகராறு பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும்.

4. குட்டியானை வருவதற்கு முன்பே காலி வீட்டைப் படம் எடுங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, பாத்ரூம் டைல்ஸ் விரிசல், அலமாரிக் கதவின் கீறல் எல்லாவற்றையும் எடுத்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லாமல், "ஞாபகத்துக்காக அனுப்பறேன் சார்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

5. மின்சார மீட்டரின் அன்றைய எண்ணையும் படம் எடுங்கள். இங்கே கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டுக்கான கட்டணமும் கூடும். முன்பு குடியிருந்தவர் ஓட்டிய ஏசியும் உங்கள் கணக்கில் சேர்ந்தால், முதல் பில்லே தலை சுற்ற வைக்கும். படம் கையில் இருந்தால் பங்கு பிரிக்கச் சுலபம்.

6. முதல் நாளுக்கென்று ஒரு பெட்டி தனியாகக் கட்டுங்கள். பால் பாத்திரம், காபி ஃபில்டர், நான்கு தட்டு, மாத்திரைகள், சார்ஜர், துண்டு, துடைப்பம், ஒரு கத்தி. பெட்டிகளைப் பிரிக்கத்தான் கத்தி. அது ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டால் அன்று பற்களுக்குத்தான் வேலை.

7. பால் காய்ச்சும் நாளில் அக்கம்பக்கத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சர்க்கரைப் பொங்கலைக் காகிதக் கப்பில் தராமல் எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுங்கள். கிண்ணம் திரும்ப வந்தாக வேண்டும். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தர நம் ஊரில் பெரும்பாலோருக்கு மனசு வராது. நான்கு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா அதே கிண்ணத்தில் முருங்கைக்கீரையோ வடாமோ கொண்டுவருவார். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று பேச்சு தொடங்கும்.

8. தெருவின் நேர அட்டவணை ஒன்று எழுதுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பால் எத்தனை மணிக்கு, மெட்ரோ தண்ணீர் எந்த நேரம், மோட்டார் போடுவது யார் முறை, குப்பை வண்டி காலையா மதியமா, கீரைக்காரம்மா எந்த நாள், இஸ்திரித் துணி எத்தனை மணிக்குத் திரும்ப வரும். ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்கட்டும். "தண்ணி வந்து போயிடுச்சா?" என்ற பதற்றம் அடங்கினாலே காலைப் பொழுது நம் கைக்கு வந்துவிடும்.

9. குப்பை விஷயத்தில் முதல் வாரமே நல்ல பெயர் வாங்குங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டும் தனித்தனி. நாப்கின், டயப்பர் போன்றவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். மீன் கழுவிய கழிவை இரண்டு மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, மறுநாள் வண்டி வரும்வரை ஃப்ரீசரில் வைத்தால் நாற்றமும் இல்லை, பூனையும் வராது.

10. ஷவரில் உப்பு படிந்து தண்ணீர் சொட்டுகிறதா? முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன சொத்து அது. பாலித்தீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் வினிகர் ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

11. முதல் மாதம் ஆப் ஆர்டரைக் குறைத்து, அண்ணாச்சி கடைக்கு நடந்து போங்கள். விலையில் ரூபாய் இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நல்ல பிளம்பர் யார், சாவி தொலைந்தால் பூட்டுக்காரர் எங்கே, எந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார் என்பதெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும். கடன் நோட்டு மட்டும் தொடங்காதீர்கள்.

12. முகவரியைப் பழைய எண், புதிய எண் இரண்டோடும் எழுதி வையுங்கள். சென்னையில் பல தெருக்களில் ஒரே கதவுக்கு இரண்டு எண். இரண்டையும், பின்கோடையும், "பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து" போன்ற அடையாளத்தையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, பிள்ளைகளின் பள்ளிப்பையிலும் பெரியவர்களின் பர்ஸிலும் வையுங்கள். கூடவே மாநகராட்சிப் புகாருக்கு 1913, மின்தடைக்கு 94987 94987, ஆம்புலன்ஸுக்கு 108 என்று எழுதிவிடுங்கள்.

13. முகவரி மாற்றத்தை வாரத்துக்கு ஒன்றாக முடியுங்கள். முதலில் கேஸ் இணைப்பு, அது இல்லாமல் அடுப்பு எரியாது. பிறகு ஆதார், வங்கி, ரேஷன் அட்டை. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. தேர்தல் வரட்டும் என்று தள்ளிப்போட்டால் பட்டியல் மூடிவிடும். பழைய தெருத் தபால்காரரிடம் புது முகவரியும் போன் எண்ணும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

14. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை முதலில் கவனியுங்கள். நமக்கு ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. அவர்களுக்கு நான்கு சுவரும் டிவியும்தான். காலையில் மாநகராட்சிப் பூங்கா, பத்து மணிக்குக் கிளை நூலகம் என்று பழக்கிவிடுங்கள். பொது நூலகங்களுக்கென்று 1948லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அநேகமாகப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். செய்தித்தாள் படிக்கக் காசு வேண்டாம். முதல் இரண்டு நாள் நீங்களும் கூடப் போனால், மூன்றாம் நாள் அப்பாவே செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

15. "எங்க பழைய ஏரியாவில இப்படி இல்லை" என்று சொல்வதை ஒத்திப்போடுங்கள். கேட்கிறவருக்கு அது அவர்கள் தெருவைக் குறை சொல்வதாகப்படும். சொல்கிற நமக்கும் அதே நினைப்பு தங்கிவிடும். அம்மன் கோயில் ஆடிக் கூழுக்கு ரசீது புத்தகத்தோடு தெருப்பிள்ளைகள் வந்தால், முடிந்ததைக் கொடுங்கள். ஞாயிறன்று தூக்குவாளியோடு நீங்களே வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்பவர் எந்த வீடு என்று கேட்பார். அடுத்த முறை கரண்ட் போகும்போது, "உங்க வீட்லயும் போச்சா?" என்று பால்கனியிலிருந்து கேட்க உங்களுக்கு ஆள் இருப்பார்.