சுமந்தவனுக்கே முதல் வணக்கம்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் காவடிகள் ஏறக் காண்கிறோம். அக்காவடியின் வரலாறு தமிழகத்துப் பழனியில் தொடங்குகிறது.

அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி எனும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன், களைப்பாற அவற்றைப் பழனியில் இறக்கினான். மீண்டும் தூக்கியபோது குன்று அசையவில்லை. அதன்மேல் நின்ற சிறுவன் முருகனென அறியாது போரிட்டு மடிந்தான். மனைவி இடும்பி வேண்ட, முருகன் அவனை உயிர்ப்பித்துத் தன் காவலனாக்கினான்; காவடி சுமந்து வருவோர்க்கு அருள்வதாகவும் வரமளித்தான் என்பது புராணம்.

இன்றும் பழனியில் இடும்பனை வணங்கிய பின்னரே முருகனைத் தரிசிப்பது மரபு. சுமந்தவனுக்கே முதல் வணக்கம்!

மாணவச் செல்வங்களே, உங்களுக்காக வைகறையில் எழுந்து உழைக்கும் பெற்றோரும் சுமப்பவர்களே. முதலில் அவர்களை வணங்கிப் பின்னர்க் கோயிலுக்குச் செல்லுமாறு வேண்டுகிறோம்.