பூனையின் நீரிழிவும் இன்சுலின் அளவும்

வளர்க்கும் பூனைக்கு நீரிழிவு என மருத்துவர் உறுதி செய்தபின், பெரும்பாலும் 12 மணி நேரத்திற்கு ஒருமுறை இன்சுலின் செலுத்தும் பொறுப்பு நம்முடையதாகிறது. ஊசி குத்தப் பழகுதல் எளிது. அளவில் தவறாதிருத்தலே அரிது.

நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. முன்னதற்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியும், பின்னதற்குரியது ஆரஞ்சு மூடியும் உடையது. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அளந்தெடுத்தால் இரண்டரை மடங்கு உட்செல்லும். ஓரிரு அலகே பெறும் சிற்றுயிர் இதனைத் தாங்காது.

காது விளிம்பில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சர்க்கரையை அளக்கலாம். அச்சத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். ஆதலின் ஒரு நாள் 300 மி.கி. கண்டதும் நாமே அளவைக் கூட்டலாகாது. குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவோமாக. பூனை உண்ணாவிடினும், வீட்டில் வேறொருவர் முன்னரே ஊசி போட்டாரோ என ஐயம் எழினும், மருத்துவரைக் கேட்கும்வரை ஊசி வேண்டா. ஒருவேளை சர்க்கரை ஏறுவதினும் மிகத் தாழ்வதே கொடிது.

பூனை தள்ளாடினால் ஈறில் தேன் தடவச் சொல்வர். தேன் புகாத நம் இல்லங்களில் குளுக்கோஸ் கரைசலே அப்பணியைச் செய்யும். தடவியவுடன் மருத்துவரிடம் விரைக.