கட்டுமரத்துக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள்?

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கடலுக்குப் போனால், இன்று கண்ணில் படுபவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். ஆனால் இந்தச் சோழமண்டலக் கரை ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் கட்டுமரம். வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தன் கடற்பயண நூலிலேயே அதை எழுதிவிட்டார். இன்றைய ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை உடல் கொண்ட படகு; நம்முடையதோ மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. பொருள் நகர்ந்துவிட்டாலும் சொல் நம்முடையதே. கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைத் தேடப் பிள்ளைகளைப் பழக்க, இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

பழைய காலண்டர் தாளை ஒன்பது துண்டுகளாக நறுக்குங்கள். துண்டுக்கு ஓர் எழுத்தாக சி, ஏ, டி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, என் என எழுதுங்கள். (இங்கே டி என்பது ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்து.) கையில் இருக்கும் துண்டுகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஒரு துண்டை ஒரு சொல்லில் ஒரு முறைதான் வைக்கலாம்.

அடுத்துச் செய்யும் வேலைதான் முக்கியமானது. நம் பிள்ளைக்கு ‘கே’ என்பது ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அது இரண்டு. பிள்ளை ஒலியை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவதால் திணறுகிறது. ஆனால் உயிரும் மெய்யும் சேர்ந்தால்தான் உயிர்மெய் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். அதையே இங்கே பயன்படுத்துங்கள். உயிர்த் துண்டுகளை இடப்பக்கமும் மெய்த் துண்டுகளை வலப்பக்கமும் பிரித்து வையுங்கள். நான்கு ஏ ஒரு பக்கம், ஐந்து மெய் மறுபக்கம்.

இனி ஓர் ஏ-வை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு மெய்யாகப் போட்டுப் பாருங்கள். கைக்கு வந்ததை எடுக்காமல், முதல் எழுத்தை நிறுத்திக் கடைசி எழுத்தை மட்டும் மாற்றுங்கள். சி-ஏ-டி பூனை, சி-ஏ-ஆர் கார், சி-ஏ-என் முடியும். சி முடிந்ததும் எம்: எம்-ஏ-டி பாய், எம்-ஏ-என் மனிதன். பிறகு ஆர்: ஆர்-ஏ-டி எலி, ஆர்-ஏ-எம் செம்மறிக்கிடா. ஐந்து மெய்க்கும் நான்கு முடிவுகள், ஆக இருபது சேர்க்கைகள். எல்லாம் சொல்லாகிவிடாது, என்-இல் தொடங்கும் நான்கும் அன்றாடப் புழக்கத்தில் இல்லாதவை. ஒன்றையும் தவறவிடவில்லை என்ற நிச்சயம் கிடைக்கிறதே, அதுதான் வரிசையாகத் தேடுவதன் பலன்.

இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் இணைகளை நம் காது எளிதில் தேடாது, ஏனென்றால் தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. ஆகவே அவற்றைத் தனித்தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முன்னால் வருபவை சி-ஆர், டி-ஆர். பின்னால் வருபவை ஆர்-டி, என்-டி, ஆர்-எம், சி-டி. டி-ஆர்-ஏ-எம் டிராம், சி-ஏ-ஆர்-டி வண்டி, ஏ-ஆர்-எம் கை, ஏ-சி-டி செயல் எல்லாம் அந்தத் தாளிலிருந்து எழுந்து வரும்.

பிறகு இரண்டு ஏ-க்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் கிடைக்கும்: சி-ஏ-ஆர்-ஏ-டி. டி-ஏ-ஆர்-எம்-ஏ-சி என்றால் தார்ச்சாலை. எம்-ஏ-என்-டி-ஆர்-ஏ கிடைக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்: கட்டுமரத்துக்குள் மந்திரம்!

எல்லா எழுத்தையும் பயன்படுத்தி வேறு சொல் ஆக்கச் சொன்னால் வழி வேறு. எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குங்கள். ‘கவனித்துக் கேள்’ என்னும் எல்-ஐ-எஸ்-டி-இ-என் அப்படி அடுக்கினால் இ-ஐ-எல்-என்-எஸ்-டி ஆகும். ‘மௌனமான’ என்னும் எஸ்-ஐ-எல்-இ-என்-டி-யும் அதே வரிசையையே தரும். வரிசை ஒன்றானால் இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்று குழம்பினால் ஸ்கிராபிள் என்னும் சொல் விளையாட்டைப் பாருங்கள். அதை உருவாக்கிய ஆல்ஃப்ரெட் பட்ஸ், எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று செய்தித்தாளில் எண்ணிப் பார்த்தவர். மொத்தம் 100 வில்லைகளில் இ மட்டும் 12. கியூ, இசட் ஒவ்வொன்றுதான். அபூர்வ எழுத்து கையில் இருந்தால் அதற்கு முதலில் இடம் தேடுங்கள். கியூ வந்தால் யூ எங்கே என்று பாருங்கள். இ எங்கும் பொருந்திக்கொள்ளும்.

எழுத்துகளைத் தட்டினால் சொற்களைக் கொட்டும் தளங்கள் கைப்பேசியில் உண்டு. அரை மணி நேரம் காகிதத்தில் தேடிய பிறகே அவற்றைத் திறக்க வேண்டும். அகராதியில் பார்த்துப் பொருள் சொல்ல முடியாத சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்த முறைக்கு நம் ‘சுருட்டு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது சி, எச், இ, ஆர், ஓ, ஓ, டி என்னும் ஏழு எழுத்து. உள்ளே ஒரு டார்ச் இருக்கிறது; மற்றவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து தேடுங்கள்.