வெள்ளைக்குள் ஒளியும் வெள்ளை

கேள்வி: மேமோகிராமில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் 3டி மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அவசியமா?

பதில்: எடுத்துவிடுங்கள். அடர்த்தியான திசு மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுகிற கதை! 2011இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதித்த 3டி முறையில், எக்ஸ்ரே குழாய் வில்போல நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை மெல்லிய அடுக்குகளாக்கிக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைத்த திசு ஓரளவு விலகும். முழுக்க அல்ல. அதனால் சிலருக்கு அல்ட்ராசவுண்டும் தேவைப்படலாம். அதில் கட்டி பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். அம்மா, அக்கா யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பழைய படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட வேண்டும்.